எலும்பு பார்த்துச் சொல்கிறவர்

கைரேகை பார்க்கிறவரை உங்களுக்குத் தெரியும். ஜாதகம் பார்க்கிறவரையும் தெரியும். அவர்களாவது வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டால்தான் வருவார்கள். இன்று நான் காட்டப்போகிற பிராணி கூப்பிடாமலே வரும். எதிரே இருப்பவரின் முக எலும்பைப் பார்த்தே அவர் குணம், குடும்பம், சம்பாத்தியம், ஆயுள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற இனம் இது. சிராங்கூன் சாலைக் கல்யாண மண்டபங்களில், தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடைகளில், எம்ஆர்டி ரயிலின் எதிர் இருக்கையில் என்று எங்கும் காணலாம். யாராவது ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, மாட்டுச் சந்தையில் பல் பார்க்கிறவர்போல உங்களைப் பார்த்தால் அவர்தான். எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விடுங்கள்.

எங்கள் வட்டாரத்தில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி குவீன்ஸ்டவுன் ரத்னவேல். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெட்டிகளைத் திறக்காமலே, மேலே ஒட்டியிருப்பதைப் படித்து, உள்ளே இருப்பது இன்னது என்று எழுதிக்கொள்கிற வேலை. வேலை போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

அவர் கணக்கில், கன்ன எலும்பு தூக்கலாக இருந்தால் அந்த ஆண் குடும்பத்துக்கு ஆகமாட்டான். மேல்தாடை முன்னால் வந்திருந்தால் வாய்த்துடுக்கு. மோவாய் உள்ளடங்கினால் பெண்டாட்டி பேச்சைக் கேட்பான் (இதை அவர் குற்றங்களின் பட்டியலில்தான் சேர்த்திருக்கிறார்). தங்கை விசாலாட்சிக்கு மாப்பிள்ளை பார்த்தபோதே, “இந்தக் கன்னத்தோட ஒருத்தன் வீட்ல தங்கமாட்டான்” என்று முகூர்த்தத்துக்கு முன்னாலேயே அறிவித்த தீர்க்கதரிசி. ஆதாரம் கேட்டால், “இதெல்லாம் சயின்ஸ்லா” என்பார். அதற்கு மேல் கேட்டால் உங்கள் நெற்றி எலும்பைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவார்.

தேக்காவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அப்துல் கையூமிடம் ஒருநாள், “பாய், உங்க மூக்கு எலும்பு இருக்கே, அது வியாபார எலும்பு” என்றார்.

“அண்ணே, எனக்குத் தெரிஞ்சு அதுக்கு ஒரே வேலைதான். கண்ணாடி கீழ விழாம தாங்கணும்.”

அந்தக் கடைக்கு அவர் அப்புறம் போகவில்லை.

உண்மையான சயின்ஸ் என்ன சொல்கிறது? முகத்தில் பதினான்கு எலும்புகள். கன்ன எலும்பு இருப்பது கண்ணுக்குக் காவலாக, அடி பட்டால் தான் வாங்கிக்கொள்ள. வருகிற மருமகளின் யோக்கியதையைத் தெரிவிக்க அல்ல. மேல்தாடைக்குள் காற்று அறைகள் உண்டு, தலை கனக்காமலிருக்க இயற்கை செய்த ஏற்பாடு என்பார்கள். ரத்னவேல் விஷயத்தில் அந்த ஏற்பாடு பலிக்கவில்லை. கண்ணின் ஓரத்தில் நகம் அளவுக்கு மெல்லிய எலும்பு ஒன்று இருக்கிறது, கண்ணீர் எலும்பு என்று பெயர். கண்ணீர் மூக்குக்குள் இறங்க வழிவிடுவது அது. “சரிப்படாது” என்று சொல்லிவிட்டு இவர் எழுந்து வந்த வீடுகளில் எல்லாம் அந்த எலும்புக்குத்தான் வேலை. பதினான்கில் அசைவது கீழ்த்தாடை ஒன்றுதான். மெல்லவும் பேசவும் கொடுத்தது. இவருடையது அசையாமல் இருந்து பார்த்தவர் இல்லை.

சரி, வேடிக்கைதானே, போகட்டும் என்கிறீர்களா? விசாலாட்சியின் மகன் ரகுபதிக்கு இது வேடிக்கையாக இருக்கவில்லை. அவனுக்கும் பாலர்பள்ளி ஆசிரியை அமலாவுக்கும் பிடித்துப்போய் இரண்டு வருடமாகிறது. பெண் வீட்டில் சம்மதம். விசாலாட்சி மட்டும், “அண்ணன் பார்த்துச் சொல்லட்டும்” என்று நின்றுவிட்டாள். கணவர் காலமான பிறகு அண்ணன் சொல்லை அவள் தட்டியதே இல்லை. அண்ணன் முகத்தைச் சுளித்தால் கல்யாணம் கிடையாது.

“போட்டோ வேணாம் விசாலம். போட்டோல எலும்பு பொய் சொல்லும்” என்று தங்கையையும் ரகுபதியையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே கிளம்பினார். பிடோக்கில் அமலாவின் வீடு. கேசரி வந்தது, டீ வந்தது. அமலா வந்து உட்கார்ந்தாள். ரத்னவேல் கேசரியை ஒரு கை பார்த்துவிட்டு ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

“கொஞ்சம் லைட் பக்கமா திரும்பும்மா.”

திரும்பினாள்.

“இப்ப இந்தப் பக்கம்.”

“மாமா, போதும்” என்றான் ரகுபதி.

“நீ சும்மா இருடா.” கண்ணைச் சுருக்கினார், தலையைச் சாய்த்தார், கட்டைவிரலை நீட்டி அளந்தார். அமலாவின் தாய் கமலா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு ரத்னவேல் தொடையில் ஓங்கித் தட்டினார். “விசாலம்! இந்தத் தாடையைப் பாரு. பரம்பரைத் தாடை! ஏழு தலைமுறை ரத்தத்துல ஊறி வரணும் இப்படி ஒரு எலும்பு. எந்த டாக்டராலயும் செய்ய முடியாது. எழுதி வச்சுக்க, இந்தப் பொண்ணு கால் வச்ச இடம் விளங்கும்!”

கமலாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ரகுபதி தரையைப் பார்த்தான். இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் அமலாவுக்குக் கல்யாணம் நிச்சயம். அவள் மூடிக்கொள்ளவில்லை.

“ஆண்ட்டி, இன்னிக்கு உங்ககிட்ட நானே சொல்லணும்னுதான் இருந்தேன். பாலிடெக்னிக் படிக்கும்போது எனக்குத் தாடையில ஒரு கட்டி வந்துச்சு. ஒரு பக்கத்து எலும்பையே எடுத்துட்டாங்க. முழங்காலுக்குக் கீழ வெளிப்பக்கம் ஒல்லியா ஒரு எலும்பு இருக்குல்ல, அதுல ஒரு துண்டை எடுத்து இங்க வச்சுத் தாடை செஞ்சாங்க. இப்ப நல்லா ஆயிடுச்சு. ரகுவுக்கு எல்லாம் தெரியும்.” பிறகு ரத்னவேல் பக்கம் திரும்பினாள். “நீங்க சொன்னது சரிதான் அங்கிள். கால் வச்ச இடம்தான் இது.”

வேறு யாராக இருந்தாலும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். இந்த இனத்துக்கு அந்த வழக்கம் இல்லை. அவர் மறுபடி கண்ணைச் சுருக்கினார்.

“அதானே பார்த்தேன்! வந்ததுலேருந்து ஒரு பக்கம் என்னமோ இடிக்குதேன்னு. சொந்த எலும்புன்னா அதுக்கு ஒரு லட்சணம் இருக்கும். விசாலம், எதுக்கும் யோசிச்சுச் செய்.”

சொந்த எலும்பாம்! காலில் இருந்தது யாருடையது, எதிர்வீட்டில் இரவல் வாங்கியதா?

விசாலாட்சி டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அண்ணே, உங்க மச்சான் கன்னத்தைப் பார்த்து, வீட்ல தங்கமாட்டார்னு சொன்னீங்க. கண்ணை மூடுற வரைக்கும் காலையில எனக்குக் காப்பி போட்டுக் குடுத்தாரு. அந்தக் கன்னத்தை நான் பயந்துக்கிட்டே பார்த்தேன், எப்பக் கிளம்புவாரோன்னு. நிம்மதியா ஒரு நாள்கூட அவர் முகத்தைப் பார்க்கலைண்ணே.”

ரத்னவேல் என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

“வாயை மூடுங்க” என்றாள் தங்கை. பிறகு அமலாவைப் பார்த்துக் கேட்டாள்: “மெல்லும்போது வலிக்குமாம்மா?”

“இல்ல ஆண்ட்டி. எல்லாம் சாப்பிடுவேன்.”

தாடையைப் பற்றி அன்று அந்த வீட்டில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது.

“அப்ப கேசரியை எடுத்துக்க. வந்ததுலேருந்து நீ ஒண்ணுமே சாப்பிடலை. ஆண்ட்டி இல்ல, அத்தை.”

கல்யாணம் நடந்தது. ரத்னவேல் திருந்தினார் என்று எதிர்பார்த்தால் உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியவில்லை. பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே அவர் சொன்னார்: “தாடையைப் பார்த்ததும் நான்தான் சொன்னேன், இந்தப் பொண்ணு கால் வச்ச இடம் விளங்கும்னு. கால் இருந்துச்சா இல்லையா?” கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் தம் மகனுடைய படத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்து நீட்டினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மேலே கன்ன எலும்பைப் பற்றி நான் எழுதியபோது உங்கள் கை எங்கே போனது என்று நான் கேட்கப்போவதில்லை. இது ஒன்றை மட்டும் கேட்கிறேன். அமலாவுக்கு எடுத்தது இடப் பக்கமா வலப் பக்கமா, முகம் கோணலாகத் தெரியுமா, தழும்பு இருக்குமா, பார்க்க எப்படித்தான் இருப்பாள் என்று நான் எங்குமே சொல்லவில்லை.

தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்ததா? அடுத்த முறை ரயிலில் ஏறினால், தயவுசெய்து என் எதிரில் உட்காராதீர்கள்.