முதுகில் ஓட்டை போட்ட நாற்காலி

பாஞ்செவோ,
திங்கட்கிழமை, காலை

சோம்போரில் இருக்கும் என் மதிப்பிற்குரிய அக்கா தெசாங்காவுக்கு,

தம்பி புதிமிர் உன் கன்னத்தில் முறைப்படி மூன்று முத்தமிட்டு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்பது எனக்கும் தெரியும். எழுதிவிட்டேன். உன் முழங்கால், அத்தானின் சர்க்கரை, உன் வாத்துகள் எல்லாம் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டிக்கொள்கிறேன். மரியாதை முடிந்தது. இனி என் வயிற்றெரிச்சலைக் கேள்.

உன் மருமகள், என் மகள் தியானாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. டாக்சிக் கம்பெனியில் உட்கார்ந்து, போன் எடுத்து, வண்டி அனுப்பும் வேலை. குரல் தெளிவாக இருக்கிறது, ஊரில் எல்லாத் தெருவும் தெரிகிறது என்று முதலாளி அம்மாள் பாராட்டினாளாம். இன்றிலிருந்து ஒரு வாரம் சோதனை. எட்டு மணி நேர ஷிப்டை உட்கார்ந்து தாங்கினால் வேலை, தாங்காவிட்டால் வீடு. அவளால் பழைய சக்கர நாற்காலியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது என்பதுதான் உனக்குத் தெரியுமே. பிறந்ததிலிருந்தே முதுகெலும்பு வளைந்து, இடுப்பு ஒரு பக்கம் தூக்கி நிற்பவள். போன தடவை வந்த புண்ணுக்கு ஒரு குளிர்காலம் முழுக்க மருத்துவமனையில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். இருபத்தெட்டு வயதில் எதற்கு இந்த வேலை, வீட்டில் சாப்பாடு இல்லையா என்று கேட்டேன். "அப்பா, சாப்பாடு இருக்கு. வேலைதான் இல்ல" என்றாள். இந்த வாயை அவள் அம்மா பக்கத்திலிருந்து வாங்கியிருக்கிறாள்.

சரி, வேலைக்கு ஏற்ற இருக்கை வேண்டும் என்று நோவி சாத் போனோம். அங்கே நெவேனா என்று ஒரு இளம் எஞ்சினியர் பெண், ஒவ்வொருவர் உடம்புக்கும் அளவெடுத்து இருக்கையும் முதுகுத் தாங்கியும் வடிவமைக்கிறாள். முதலில் பழைய நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். நான் தியானாவின் இடுப்பு சாயாமல் இருக்க, தாழ்ந்த பக்கத்துக்கு அடியில் ரயில்வே கால அட்டவணைப் புத்தகம் ஒன்றை வைத்துக் கட்டியிருந்தேன். முப்பது வருடம் சிக்னல் பார்த்தவன் வீட்டில் வேறு என்ன புத்தகம் இருக்கும். அவள் அதை எடுத்துத் தூசி தட்டி மேசை மேல் வைத்தாள். "மாமா, இந்த இடுப்பு இனிமே தானா நிமிராது. உசந்து நிக்கிற பக்கத்துக்கு அடியிலதான் நிரப்பணும். நீங்க தாழ்ந்த பக்கத்தத் தூக்கி, மொத்த எடையையும் அந்த ஒரு எலும்பு மேலயே ஏத்தி விட்டிருக்கீங்க" என்றாள். இத்தனை வருடம் பெற்ற தகப்பன் முட்டுக்கொடுத்தது தப்பாம், நேற்று வந்தவள் சொல்வது சரியாம். எனக்கு அன்றைக்கே மனசு விட்டுப்போயிற்று.

அடுத்து அளவெடுப்பு. சின்னச் சின்ன மணிகள் நிரப்பிய பெரிய பையில் தியானாவை உட்காரவைத்து, பம்பால் காற்றை உறிஞ்சுகிறார்கள். பை அப்படியே அவள் உடம்பின் வடிவத்தில் கல்லாக இறுகிவிடுகிறது. அந்த அச்சைப் பார்த்துத்தான் இருக்கை செய்கிறார்கள். படித்த மனிதர்கள் முன்னால் கூன் போட்டு உட்காருவது நம் வீட்டு வழக்கம் இல்லை, ஆகவே "நேரா உட்காரு, தோளத் தூக்கு" என்று நான் பக்கத்தில் நின்று சொன்னேன். அவளும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருவது போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பை இறுகியது. அவள் மூச்சை விட்டாள். விட்டதும் அச்சு ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். நெவேனா பம்பை நிறுத்தி, காற்றை மறுபடி உள்ளே விட்டு, "மாமா, எதிர்ல நல்ல காப்பிக்கடை ஒண்ணு இருக்கு" என்றாள். எனக்குக் காப்பி வேண்டாம் என்றேன். "உங்களுக்கு வேணும்" என்றாள். அக்கா, என் மகளுக்கு அளவெடுக்கும் இடத்திலிருந்து என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் நெவேனா இருக்கையைக் கொண்டுவந்தாள். குறை சொல்லக் கூடாது, வேலைப்பாடு நன்றாகத்தான் இருந்தது. இடுப்பு எலும்புக்குப் பள்ளம், உயர்ந்த பக்கத்துக்கு முட்டு, விலாவைப் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கத் தாங்கிகள், சாய்க்க ஒரு திருகு, ஏற்ற ஒரு திருகு, தாங்கியை நெருக்க ஒரு திருகு. தியானா அதில் உட்கார்ந்ததும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். அதுவரை ஒரு கை எப்போதும் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இருக்கும், விட்டால் சாய்ந்துவிடுவாள். அவள் அம்மா ஸ்தொயாங்கா அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியின் பின்பக்கம் போனேன். பார்த்தால் முதுகுத் தாங்கி முழுக்க ஓட்டை. கைதவறிப் போட்ட ஓட்டை இல்லை அக்கா, வேண்டுமென்றே, வரிசையாக, நேர் முதுகில், சிறுநீரகம் இருக்கும் இடத்தில் இன்னும் நெருக்கமாகப் போட்டிருந்தார்கள். கோஷாவாக் குளிர்காற்று மூன்று நாள் விடாமல் அடிக்கும் ஊருக்கு.

"இதுல காத்து பூந்துடுமே" என்றேன்.

"பூரணும்னுதான் மாமா ஓட்டை. வேர்வை தங்குனா தோல் ஊறிப் புண்ணாயிடும்."

"முதுகுல காத்துப் பட்டா?"

"குளுகுளுன்னு இருக்கும்."

நெவேனாவை அவள் அம்மா என்ன சொல்லி வளர்த்தாளோ தெரியவில்லை. முதுகில் காற்றுப் பட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று சொல்லி எங்களை நீ எப்படி வளர்த்தாய் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு கதவு திறந்திருந்தால் எதிர் ஜன்னலை மூடாமல் உன் வீட்டில் எவராவது சூப் குடித்ததுண்டா.

அதற்குள் எங்கள் வீட்டுப் புனிதர் நாள் வந்துவிட்டது. வருகிறவர்களை வராதே என்று சொல்ல முடியாத ஒரே நாள். சடங்கு ரொட்டி வெட்டி, வேகவைத்த கோதுமை தின்று, முட்டைக்கோஸ் உருண்டை இரண்டாம் சுற்று வந்ததும் எல்லோருடைய கண்ணும் நாற்காலி மேல் போனது. நம் ஊர்க்காரனுக்குத் திருகு ஒன்றைக் கண்ணில் காட்டிவிட்டால் போதும். டிராக்டர் மெக்கானிக் ராதோவான், என் கல்யாணத்துக்குச் சாட்சியாக நின்றவன், அவனைத் தடுக்கவும் முடியாது, "கொஞ்சம் லூசா இருக்கு" என்று சாய்வைத் திருகினான். அடுத்தவன் "ரொம்ப டைட்டு" என்று திருப்பித் திருகினான். பல் டாக்டர் தன் தொழிலுக்கு ஏற்றபடி சாய்த்தார். பாதிரியார் தண்ணீர் தெளித்து ஆசீர்வதித்துவிட்டு, போகிற போக்கில் பக்கத் தாங்கியை அவரும் ஒரு சுற்றுச் சுற்றினார். ராக்கியா சாராயம் உள்ளே போகப்போகத் திருகுகளுக்கு ஓய்வே இல்லை. தியானா இதற்கெல்லாம் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "நான் உள்ள இருக்கேன், யாராவது கேட்டுட்டுத் திருகுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசி விருந்தாளி போகும்போது அவள் கூரையைப் பார்த்தபடி அவருக்கு வணக்கம் சொன்னாள்.

மறுநாள் நெவேனா வந்தாள். எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, தியானாவின் சிவப்பு நகப்பூச்சை வாங்கி, ஒவ்வொரு திருகின் மேலும் ஒரு கோடு இழுத்தாள். எவனாவது தொட்டால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். சிக்னல் நெம்புகோலுக்கு ஈய முத்திரை போட்டுக் காலம் தள்ளியவன் நான், எனக்கே என் வீட்டில் முத்திரை.

திருகைத் தொடக் கூடாது என்றுதான் சொன்னாள். ஓட்டையைத் தொடக் கூடாது என்று எவளும் சொல்லவில்லை. இதை நீ நடுநிலையாக யோசிக்க வேண்டும். நீ அனுப்பிய இடுப்புக் கம்பளி இருக்கிறதே, அதை வட்ட வட்டமாக வெட்டி, சுருட்டி, வெளியே தெரியாமல் இருக்கக் கறுப்புச் சாயம் போட்டு, ஓட்டைக்கு ஒன்றாக அடைத்தேன். கச்சிதமான வேலை. கோஷாவா நாற்காலியைச் சுற்றிவிட்டு ஏமாந்து போயிருக்கும். வெள்ளிக்கிழமை தியானா முதுகு எரிகிறது என்றாள். சனிக்கிழமை ஸ்தொயாங்கா சட்டையைத் தூக்கிப் பார்த்தாள், முதுகில் சிவப்புச் சிவப்பாகத் தடம். வேலைக்கு இன்னும் இரண்டே நாள். நெவேனா மறுபடி ஓடி வந்து, எடை எங்கே அழுத்துகிறது என்று காட்டும் மெல்லிய விரிப்பு ஒன்றை முதுகுக்கும் தாங்கிக்கும் நடுவில் போட்டாள். கம்ப்யூட்டர் திரையில் முதுகு தெரிந்தது. நீலமாக இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் புள்ளிகள், நேர் வரிசையில், ராணுவச் சட்டைப் பட்டன் போல.

"யாரு பட்டன் தச்சது?" என்றாள் நெவேனா.

ஸ்தொயாங்கா என்னைப் பார்த்தாள். "புதிமிர், உன் விரல்ல என்ன கறுப்புச் சாயம்?" இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் காட்டிக்கொடுக்க அவளுக்கு ஒரு நொடிதான் தேவைப்பட்டது.

தியானா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "அப்பா, உன் பயத்த எடுத்து என் முதுகுல சொருகாத. திங்கக்கிழமை இந்தத் தோல் கிழிஞ்சா வேலை போச்சு, மறுபடி நான்தான் குப்புறப் படுத்துக் கிடக்கணும், நீ இல்ல" என்றாள். அதற்குப் பிறகு நேற்று வரை என்னோடு பேச்சில்லை. அக்கா, அந்தச் சிவப்பைப் பார்த்ததும் தேவாலயத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். நேற்று சாயங்காலத்துக்குள் சிவப்பு மறைந்துவிட்டது. ஆனால் காற்றை உள்ளே விட்டது யார் தப்பு என்று எவரும் கேட்கவில்லை, அடைத்தவன்தான் குற்றவாளி.

இன்று காலை அடைப்பெல்லாம் பிடுங்கி எறிந்த அந்தத் தாங்கியில், ஓட்டைகள் வாயைப் பிளந்திருக்க, அவள் வேலைக்குப் போய்விட்டாள். வெளியே கோஷாவா ஊளையிடுகிறது. நான் சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எனக்கு நம்பிக்கை இல்லை அக்கா. எட்டு மணி நேரம் அவளால் முடியாது. வலியோடு திரும்பி வருவாள், அல்லது புண்ணோடு வருவாள், பிறகு மறுபடி மருத்துவமனை. நீ சொன்னால் அவள் கேட்பாள். உடனே புறப்பட்டு வா. வந்து, இந்த வேலையும் வேண்டாம், அந்த ஓட்டையும் வேண்டாம் என்று எடுத்துச் சொல். வரும்போது தடித்த கம்பளியாக இரண்டு முழம் கொண்டுவா.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. உன் வீட்டு அடுப்பு அணையாமலும் ஜன்னல்கள் இறுக்கமாகவும் இருக்கட்டும்.

உன் நொந்துபோன தம்பி,
புதிமிர்

பி.கு.: மதியம் தாண்டிவிட்டது. இரண்டு மணி நேரக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. அவள் செல்போனை எடுக்கவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளாமல், இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போக வேண்டும் என்று டாக்சிக் கம்பெனி எண்ணையே கூப்பிட்டேன். தபால் நிலையம் எங்கள் எதிர்ச் சாரியில் இருக்கிறது, உனக்குத் தெரியும்.

"வணக்கம். வண்டி எங்க வரணும்?" என்றாள்.

"தியானா, முதுகு எப்படி இருக்கு?"

"அந்தப் பேர்ல தெரு இல்லீங்க ஐயா. முகவரி சொல்லுங்க."

அவள் பின்னால் காற்று விசிலடிப்பது கேட்டது. "அங்க ஜன்னல் தொறந்திருக்கா?" என்றேன். "தொறந்திருக்கு ஐயா, டிரைவருங்க சிகரெட் பிடிக்கிறாங்க. வண்டி நாலு நிமிஷத்துல வரும்" என்று வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டேன். வலி வந்தால் அவள் பேச்சில் ஒவ்வொரு வாக்கியமும் கடைசியில் உடையும். அது எனக்கும் அவள் அம்மாவுக்கும் தவிர எவருக்கும் தெரியாது. உடைகிறதா என்று கேட்க வேண்டியிருந்தது. உடையவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, "ஐயா, உங்க வீட்டுக்குக் கீழ ஏற்கெனவே ரெண்டு வண்டி நிக்குது" என்றவள், குரலைத் தாழ்த்தி, "வலிக்கல அப்பா. நிஜமா வலிக்கல. வை, லைன்ல ஆள் நிக்கிறாங்க" என்றாள்.

கீழே இரண்டு டிரைவர்களும் ஹாரன் அடிக்கிறார்கள். ஸ்தொயாங்கா அவர்களுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். கம்பளி வேண்டாம், புத்திமதியும் வேண்டாம். ஆனால் வா. பேருந்து நிலையத்தில் இறங்கியதும் நடக்காதே, என்னையும் கூப்பிடாதே. அவள் கம்பெனி எண்ணை உறையின் பின்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன். அதைக் கூப்பிடு, யார் என்று சொல்லாதே. எங்கே போக வேண்டும் என்று அவளே உன்னைக் கேட்பாள், வாக்கியத்தின் கடைசி வரை கேள்.