சூசையப்பர் கேட்டு வாங்கிய சம்மந்தி

சமையல் தெரியாத ஆண்கள் செய்யக்கூடாத காரியங்கள் இரண்டு. ஒன்று, மனைவி ஊரில் இல்லாத நேரத்தில் விருந்து வைப்பது. இன்னொன்று, அந்த விருந்துக்குப் புனிதர்களைக் கூப்பிடுவது. நான் இரண்டையும் ஒரே மத்தியானத்தில் செய்தவன்.

மார்ச் பத்தொன்பது சூசையப்பர் திருநாள். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் நேர்ச்சை உள்ளவர்கள் அன்று மூன்று பேரைக் கூப்பிட்டு இலை போட்டுச் சோறு கொடுப்பார்கள். வயதான ஆண் ஒருவர், ஒரு பெண், ஒரு குழந்தை. அந்த ஒரு நேரத்துக்கு அவர்கள்தான் சூசையப்பர், மாதா, குழந்தை இயேசு. சாப்பாடு சுத்த சைவம். அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவுகிறவரை நேர்ச்சைக்காரர் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

நேர்ச்சை என்னுடையதல்ல, என் மனைவி ஜெனிட்டாவுடையது. குவைத்தில் நர்ஸ் வேலை கிடைத்தால் வருடந்தோறும் மூன்று பேருக்குச் சோறு என்று வேண்டியிருந்தாள். சூசையப்பர் விசாவை மளமளவென்று வாங்கிக் கொடுத்துவிட்டார். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஜனவரியில் அவளைத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு, தக்கலையில் இருந்த வாடகை வீட்டுக்கு நான் மட்டும் திரும்பி வந்தேன். யார் என்னைத் தனி ஆளாக்கினாரோ அவருக்கே நன்றி சொல்லி விருந்து வைக்க வேண்டிய பொறுப்பும் என் தலையில் விழுந்தது. (உலகத்தில் வேறு எந்த மாப்பிள்ளைக்கும் இந்த கதி வந்திருக்காது.)

அந்த இரண்டு மாதமும் ரொம்பத் தனிமையாக இருந்தது. டைல்ஸ் கடையில் வேலை முடிந்து வந்தால் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. சோறு பொங்கி, கூனிப்பொடி போட்டு ஒரு சம்மந்தி அரைத்துத் தின்பேன். சம்மந்தி என்றால் தேங்காய்த் துவையல், கூனி என்றால் பொடி இறால் கருவாடு. எனக்குத் தெரிந்த ஒரே கறி அதுதான். லோன் வேண்டுமா என்று போன் செய்த ஒரு பெண்ணிடம் என் குடும்ப விவரம் முழுவதையும் சொன்னேன். அவள்தான் முதலில் போனை வைத்தாள்.

திருநாளன்று காலையில் சீனி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு சமையலைத் தொடங்கினேன். நைட் டியூட்டி முடித்த ஜெனிட்டா ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் செய்யச் செய்ய, எல்லாம் வேறு என்னவோவாக மாறியது. அவியல் குழம்பானது. சாம்பார் துவையலானது. சோறு கஞ்சிக்கும் களிக்கும் நடுவில் ஒரு முடிவுக்கு வராமல் நின்றது. பப்படத்தைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது. இலையில் ஒரு மூலை காலியாகத் தெரிந்ததால், நமக்குத் தெரிந்ததையும் ஒன்று வைப்போமே என்று அவசரமாக ஒரு சம்மந்தி அரைத்தேன்.

ஒன்றரை மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கியவர் ஞானதாசன் பாட்டா. வெள்ளைத் தாடி வைத்திருப்பதால் வருடா வருடம் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த வீடுகளுக்கெல்லாம் அவர்தான் சூசையப்பர். அடுத்து மாதா, அதாவது அடுத்த தெரு புஷ்பம் அக்கா. குழந்தையைக் காணவில்லை.

"பிள்ளை எங்க பாட்டா?"

"அது மூணாவது வீட்டுல பாயசத்தைக் கக்கிட்டு ஒறங்குது மக்கா. இன்னா, சகாயம் இருக்கான்லா. அவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே."

ஆட்டோவை ஓட்டி வந்த சகாயத்துக்கு முப்பது வயதிருக்கும். குழந்தை இயேசுவுக்கு நல்ல அடர்த்தியான மீசை. உள்ளே வந்ததும், "அண்ணே, ஃபேனைக் கூட்டி வையுங்க" என்று மடித்துக் கட்டிய கைலியோடு நடு இலையில் உட்கார்ந்தார்.

போனை இலைகளுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் பரிமாறினேன். மூன்று பேரும் இலையைப் பார்த்தார்கள். புஷ்பம் அக்கா ஒரு விரலால் தொட்டு, "இது அவியலா தம்பி?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி" என்று விரலை எடுத்துக்கொண்டாள்.

பாட்டாதான் உடைத்துச் சொன்னார். "தப்பா நெனைக்காத மக்கா. இது நாலாவது வீடாக்கும். சாம்பாரு தொண்டை வரைக்கும் வந்து நிக்குது. இனி ஒரு பருக்கை எறங்காது."

போனிலிருந்து ஜெனிட்டா மெல்லக் கேட்டாள். "சாப்பிடுதாங்களா?"

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இவர்கள் சாப்பிடாமல் எழுந்தால் நேர்ச்சை நிறைவேறாது. சூசையப்பர் கோபித்துக்கொண்டு அவளை அடுத்த ஃபிளைட்டில் திருப்பி அனுப்பிவிடுவார். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா நின்றால் போதும். சத்தியமாக ஒரு நிமிடம் சும்மா நின்றேன். பிறகு போனைப் பார்த்தேன். ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடாத முகம், காய்ந்த உதடு. அவளுக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"பாட்டா, ஒரு வாய். அவளுக்காக" என்று கும்பிட்டேன்.

பாட்டா வேண்டாவெறுப்பாக மூலையிலிருந்த சம்மந்தியைத் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

"மக்கா, சோறு போடு."

அடுத்து மாதா சம்மந்தி கேட்டாள். குழந்தை இயேசு எழுந்து அடுக்களைக்கே போய் மிக்ஸி ஜாரை வழித்துக்கொண்டு வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சமையல்காரன் என்ற கர்வம் அரை நிமிடம் இருந்தது.

"நான் சொன்னதுல சம்மந்தி இல்லியே" என்றாள் ஜெனிட்டா. "அதுல என்னெல்லாம் போட்டிய?"

"தேங்கா, வத்தமொளகு, சின்ன உள்ளி, புளி, கூ..."

கை அதன் வழக்கப்படி டப்பாவைத் திறந்திருக்கிறது. எனக்கே தெரியாது.

"கூனியா? நேர்ச்சைச் சோத்துலயா? என் வேலை போச்சு!" அவள் அழவே தொடங்கிவிட்டாள்.

பாட்டா விரலை நக்கியபடியே போன் பக்கம் திரும்பினார். "ஏட்டி, ஒனக்கு வேலை வாங்கித் தந்தது யாரு?"

"சூசையப்பரு."

"இன்னைக்கு சூசையப்பரு யாரு?"

"நீங்கதான் பாட்டா."

"அப்ப நான் சொல்லுதேன், ஒரு தோசமும் இல்ல. கைய கழுவப் போறேன். போய்ச் சாப்பிடு பிள்ளே."

அழுகை நடுவிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. மூன்று பேரும் போன பிறகு நான்காவது இலை போட்டுத் தனியாக உட்கார்ந்தேன். அவியல், சாம்பார், பப்படம் எல்லாம் அப்படியே மிச்சமிருந்தன. சம்மந்தி மட்டும் ஒரு துளி இல்லை.

அன்றிலிருந்து மாமனார் வீட்டில் எனக்குப் பெயர் கூனி மாப்பிள்ளை. பாட்டா இப்போதெல்லாம் வெறும் வயிற்றோடு என் வீட்டுக்குத்தான் முதலில் வருகிறார். ஜெனிட்டா வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வந்து போகிறாள். அவளுடைய ஒப்பந்தத்தை இரண்டு முறை நீட்டித்துவிட்டார்கள், இந்த வருடம் மூன்றாவது முறை. "உங்க சம்மந்தி சூசையப்பருக்கு அவ்வளவு பிடிச்சுப்போச்சு" என்று குடும்பமே சேர்ந்திருந்த வீடியோ காலில் அவள் சொன்னதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த தடவை கூனி போடக்கூடாது என்று ஒவ்வொரு வருடமும் நினைக்கிறேன். போடாவிட்டால் ஒருவேளை சூசையப்பர் அவளை ஊருக்கு அனுப்பி வைப்பார். ஆனால் போடாவிட்டால் பாட்டா வரமாட்டார். என் வீட்டில் நான்கு இலை விழுவது அந்த ஒரு நாள்தான்.