லூக்காவுக்குப் பத்துப் புள்ளி குறைவு

“ஊரைத் தெரிவு செய்துபோட்டீர், சரி. ஊரைத் தெரிவு செய்யிற முறையை ஆர் தெரிவு செய்தது? அதைச் சொல்லும் முதல்ல.”

கதிர்காமநாதன் பாணுக்கு மாஜரின் பூசிக்கொண்டே இப்படிக் கேட்டார். மனைவி சிவனேஸ்வரி செய்த குற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. சிட்னியின் ஹோம்புஷில் அவர்களுடைய குசினிச் சுவரில் இத்தாலியன் மரக்கறிக் கடைக்காரன் கொடுத்த 1978-ஆம் ஆண்டுக் கலண்டர் தொங்கியது. அதில் பெப்ரவரி மாதத்தின் மேல் விரலை வைத்து, “இஞ்ச போவம்” என்று சொல்லிவிட்டாள்.

பெப்ரவரியில் இருந்தது லூக்கா என்ற பழைய இத்தாலிய ஊர். முட்டை வடிவில் ஒரு சதுக்கம், சுற்றிவர மஞ்சள் சுவர் வீடுகள், நடுவில் ஒரு மேசை, ஒரு கோப்பி, ஒரு வெறுங் கதிரை. அந்தக் கதிரையைத்தான் சிவனேஸ்வரி இரண்டு கிழமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் போய் இருக்க வேண்டும். வேறு ஆரோ போட்ட கோப்பியை வேறு ஆரோ கொண்டுவந்து வைக்க, எழும்பாமல் குடிக்க வேண்டும். அவளுக்கு இத்தாலி என்றால் அவ்வளவுதான். தேவாலயங்களை அவள் படித்த பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரிமார் பதினொரு வருஷமாகப் போதிய அளவு காட்டிவிட்டார்கள்.

கதிர்காமநாதன் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வடிகால் என்ஜினியர். ஆறு கிழமை லீவு சேர்த்து வைத்திருந்தார். ஜூன் முப்பதுக்குள் எடுக்காவிட்டால் அது அழிந்துபோகும் என்று கந்தோர் மூன்று பிரதிகளில் அறிவித்திருந்தது. அவர் சங்கத்தின் செயலாளரும்கூட. சிட்னி மேற்குத் தமிழர் கலாசாரச் சங்கத்தில் அப்போது இருபத்தேழு குடும்பங்களும் இருபத்தொன்பது பதவிகளும் இருந்தன.

விடுமுறை குடும்ப விஷயம்தான். ஆனால் போய் வந்தால் ஸ்லைட் காட்ட வேண்டும், ஸ்லைட் காட்டினால் அது சங்க விஷயம். கணக்காளர் சிவபாலன் போன வருஷம் சுவிற்சர்லாந்துக்குப் போய் வந்து நூற்று நாற்பது ஸ்லைட் காட்டினார். அதில் தொண்ணூறு, அவர் மனைவி யோகராணி ஒரு மாட்டுக்கு முன்னால் நிற்பது. அன்றிலிருந்து ஐரோப்பா பார்த்த குடும்பம், பாராத குடும்பம் என்று சமூகம் இரண்டாகி, பாராதவர்கள் விருந்துகளில் பின்பக்கப் பிளாஸ்ரிக் கதிரைக்குப் போனார்கள். இந்த வருஷம் மலைக்கு மவுசு போய்விட்டது. ‘சரித்திர வசீகரம்’ வேண்டுமாம். அதுவும் ஆரும் காட்டாத ஊராக இருக்க வேண்டுமாம்.

ஆகவே ‘இத்தாலிய நகரத் தெரிவு உபகுழு’ அமைந்தது. தலைவர் கதிர்காமநாதன். அனுபவம் உள்ளவர் என்பதால் சிவபாலன். இந்தியத் தமிழருக்கும் பிரதிநிதித்துவம் வேண்டும் என்பதால் கோதுமை ஆராய்ச்சி செய்யும் கோபாலகிருஷ்ணன். புதன்தோறும் பின்னேரம் சிவனேஸ்வரி வீட்டில் கூட்டம். தேத்தண்ணியும் வடையும் நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது. அது மட்டும் ஒருநாளும் ஒத்திவைக்கப்படவில்லை.

ஊர்களுக்கு நூற்றுக்கு ‘வசீகரப் புள்ளி’ போட்டார்கள். பைசா முதல் கூட்டத்திலேயே விழுந்தது. சாய்ந்த கோபுரத்துக்குப் புள்ளி கொடுப்பது அத்திவாரப் பிழைக்குப் பரிசளிப்பதாகும் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். வெனிஸை அவர் ஊராகவே ஏற்கவில்லை. அது வடிகால் துறையின் தோல்வி என்று குறிப்பேட்டில் பதியச் சொன்னார். சீயெனாவின் சதுக்கம் சரிவு, மழைத் தண்ணி ஓடுமென்று அதற்கு மட்டும் பத்துப் புள்ளி கூடக் கொடுத்தார். அடுத்த வீட்டுக்காரனை மிஞ்சுவதற்காகவே ஆளுக்கொரு கோபுரம் கட்டிய ஊர் ஒன்று வந்தபோது சிவபாலன் கண் கலங்கி, அதைத் தன் அடுத்த பயணத்துக்கு ஒதுக்கி வைக்கும்படி கேட்டார். எந்த ஊர் வந்தாலும் கோபாலகிருஷ்ணன், “ஆமா, நல்ல ஊருதான். தயிர் கிடைக்குமா?” என்றார். பதில் தெரியாததால் எல்லா ஊருக்கும் ஐந்து புள்ளி வெட்டப்பட்டது.

பக்கத்து வீட்டு ரோசா பிறந்ததே லூக்காவில்தான். அவளைக் கேட்டால் என்ன என்று சிவனேஸ்வரி தட்டை வைக்கும்போது சொன்னாள். பிறந்தவர்களின் சாட்சியம் பக்கச்சார்பானது என்று உபகுழு ஏகமனதாக மறுத்தது. வேலியடியில் இதைக் கேட்ட ரோசா, போறதெண்டால் போறதுதானே என்ற மாதிரி இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு, பிறகு தானே ரிக்கற் எடுத்து லூக்காவுக்குப் போனாள். தமக்கையைப் பார்த்து, ஒரு மாதம் நின்று, திரும்பியும் வந்தாள். சிவனேஸ்வரிக்குக் கோப்பி போடும் சின்ன அலுமினியக் கேத்தில் ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தாள். உபகுழு அப்போது எட்டாவது கூட்டத்தில் ஒவ்வொரு ஊரின் படிக்கட்டுகளையும் எண்ணிக்கொண்டிருந்தது.

ஒன்பதாவது கூட்டத்தில் லூக்காவின் முறை வந்தது. மேடில்லை, படியில்லை, சுற்றிவர நல்ல மதில். அறுபத்தெட்டு. சீயெனாவுக்கு அறுபத்தைந்து. சிவனேஸ்வரி தேத்தண்ணித் தட்டோடு வாசலில் அப்படியே நின்றாள்.

“ஆனால் பத்துக் குறைக்க வேணும்” என்றார் கதிர்காமநாதன்.

“ஏனப்பா?”

“நீர் விரும்புற ஊர். தலைவரின்ர மனுசி விரும்பின ஊருக்குப் புள்ளி போட்டா நாளைக்குச் சனம் என்ன கதைக்கும்?”

“அப்ப நான் விரும்பாத ஊருக்குத்தான் போகலாமோ?”

“நடுநிலைமை எண்டா அதுதான்.”

சிவனேஸ்வரி தட்டை வைத்துவிட்டுப் போனாள். அன்று இரண்டாவது சுற்று வடை வரவில்லை. அடுத்த புதன் உபகுழுவுக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் வந்தது, கன்னியாஸ்திரிமார் பழக்கிய சாய்வெழுத்தில். லூக்கா சோம்பேறிகளின் ஊர் என்றும், அங்கே பெண்கள் பகலில் கதிரையில் இருந்து கோப்பி குடிப்பதாகவும், அப்படியொரு இடத்தில் கால் வைக்கத் தனக்கு இம்மியும் விருப்பமில்லை என்றும், தங்கள் கீழ்ப்படிவுள்ள சிவனேஸ்வரி கதிர்காமநாதன்.

உபகுழு கடிதத்தை இருமுறை வாசித்தது. முன்பு விரும்பியதற்காகக் குறைத்த பத்து இப்போது செல்லாது. அதற்கு மேல், தலைவர் தன் வீட்டு எதிர்ப்பையும் மீறித் தீர்மானிப்பது நேர்மைக்கு அடையாளம், ஆகவே மேலும் பத்து. எழுபத்தெட்டோடு லூக்கா தெரிவாகியது. சிவனேஸ்வரி குசினிக்குள் போய்ச் சத்தமில்லாமல் சிரித்தாள். அன்று எல்லாருக்கும் பாயசம்.

அப்போதுதான் சிவபாலன் டயரியைப் பிரித்தார்.

“ஜூன் இருபத்துநாலு ஸ்லைட் விழா. மண்டபம் பதிவு செய்தாச்சு.”

“இண்டைக்கு மே பத்து” என்றாள் சிவனேஸ்வரி. “விழாவைப் பிந்திப் போடுங்கோவன்.”

மூன்று பேரும் அவளை, கோயிலுக்குள் செருப்போடு வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பயணத்தை மாற்றலாம், மண்டபத்தை மாற்ற முடியுமா? விசா எடுத்து, போய், பார்த்து, வந்து, பிலிம் கழுவி, தமிழில் விளக்கம் எழுதி முடிக்கக் காலம் போதாது. விளக்கத்துக்கு மட்டுமே ஆறு கிழமை வேண்டும். அதிர்ஷ்டவசமாகத் தலைவரிடம் சரியாக ஆறு கிழமை லீவு இருந்தது.

பயணம் நின்றது, ஆனால் லீவு வீணாகவில்லை. உபகுழு இப்போது புதனில் மட்டுமல்ல, தினமும் கூடியது. இத்தாலியச் சுற்றுலாக் கந்தோர் இலவசமாக ஸ்லைட் அனுப்பியது. கலண்டரின் பெப்ரவரியைச் சிவபாலன் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படமெடுத்தார். குடும்பப் படம் ஒன்றும் இல்லாவிட்டால் சனம் நம்பாது என்ற பிரச்சினை வந்தபோது, ரோசாவின் பின்வளவில் மஞ்சள் சுவர் ஒன்று இருப்பது கோபாலகிருஷ்ணனுக்கு ஞாபகம் வந்தது. குசினிக் கதிரையை அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். இத்தாலியில் அப்போது கோடை என்பதால், சிட்னிக் குளிரில் சிவனேஸ்வரியின் கார்டிகனைக் கழற்றச் சொன்னார்கள். கையில் கோப்பிக் கோப்பை கொடுத்தார்கள். கோப்பை வெறுமை. படத்தில் உள்ளே தெரியாதாம். ரோசா ஜன்னலால் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஜூன் இருபத்துநாலு மண்டபம் நிரம்பியது. கதிர்காமநாதன் ஒரு மணி நேரம் லூக்காவின் மதிலையும் வடிகாலையும் விளக்கினார். கடைசி ஸ்லைட்டில் சிவனேஸ்வரி மஞ்சள் சுவருக்கு முன்னால் கதிரையில் இருந்தாள். சபை பெருமூச்சு விட்டது. அந்த ஆறு கிழமையும் அவள் வீட்டில் தேத்தண்ணி குடித்துப் போனவர்களே பாதிப் பேர். எப்போது போய் வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கத்த கோப்பி எப்படி என்று மட்டும் கேட்டார்கள்.

“திறம்” என்றாள் சிவனேஸ்வரி. சொன்ன பிறகுதான் தன் வாய் சொன்னது அவளுக்குக் கேட்டது.

மண்டபக் குசினியில் கோப்பை கழுவும்போது யோகராணி பக்கத்தில் வந்து நின்றாள்.

“உங்கட சுவர் நல்லாயிருந்துது அக்கா.”

சிவனேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்கட மாடு ஒரு இடத்தில நிக்கேல்லை” என்றாள் யோகராணி, கோப்பையைத் துடைத்தபடி. “சுவிஸ் இல்லை, இஞ்ச பக்கத்தில பவுரல்ல ஒரு பண்ணைக்காரன்ர மாடு. ஒரு சனிக்கிழமை முழுக்க மினக்கெட்டுப் போனம்.”

விழா முடிந்து, வெற்றியைக் கொண்டாட உபகுழு வழக்கம்போல அவள் வீட்டுக்கே வந்தது. யோகராணி முன்பக்கக் கதிரையில் இருந்தாள். சிவபாலன் அடுத்த வருஷத்துக்கு ஸ்பெயினை முன்மொழிய, கோபாலகிருஷ்ணன் தயிருக்கு உட்பட்டு வழிமொழிந்தார். கதிர்காமநாதன் புதுக் குறிப்பேட்டில் கோடு கீறத் தொடங்கினார். பிறகு மூன்று பேரும், நிகழ்ச்சி நிரலில் மூன்றாவதை எதிர்பார்த்து, குசினிப் பக்கம் தலையைத் திருப்பினார்கள்.

சிவனேஸ்வரி குசினியில் இல்லை. குசினிக் கதிரையை இழுத்து வந்து விறாந்தையின் நடுவில் போட்டு, அதில் நன்றாகச் சாய்ந்து இருந்தாள்.

“ரோசா தந்த கேத்தில் அடுப்பு மேலதான் இருக்கு” என்றாள். “ஆராவது எழும்பி எனக்கு ஒரு கோப்பி போட்டுத் தாங்கோ.”