ஒரு மணி நேரமும் ராகு காலம்

செங்கம் ரோடு,
திருவண்ணாமலை.
6-2-84

ஐதராபாத்தில் இருக்கும் அருமை மாப்பிள்ளை சகாதேவன் அவர்களுக்கு மாமனார் கோதண்டராமன் எழுதிக்கொண்டது. அண்ணாமலையார் கிருபையில் நானும் உங்கள் அத்தை பாஞ்சாலையும் சுகம். உங்கள் சுகத்தையும் நிறைமாதமாக இருக்கும் வேதாவின் சுகத்தையும் அறிய ஆவல்.

தலைப்பிரசவத்துக்கு வேதாவை வருகிற திங்கட்கிழமை காலை ஏழு நாற்பது விமானத்தில் அழைத்து வருவதாகவும், எட்டு நாற்பதுக்கே மெட்ராஸில் இறங்கிவிடலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகு காலம் அல்லவா? ரயிலில் பதினாலு மணி நேரம் வந்தாலும் அதில் ஒன்றரை மணிதான் ராகு காலம், பாக்கியெல்லாம் நல்ல நேரம். விமானத்திலோ கிளம்புவது, பறப்பது, இறங்குவது எல்லாமே அதற்குள் முடிந்துவிடுகிறது. ரயில் குலுங்கும், டாக்டர் வேண்டாம் என்கிறார், சரி. நம் மாடி அறையில் குடியிருக்கும் ஜெர்மன்காரரை விசாரித்தேன். ஒன்பது மணி நேரம் பறந்து வந்தாராம், நேரமெல்லாம் பார்க்கவில்லையாம். எந்த ராகு காலத்தில் கிளம்பினாரோ, வந்த நாளாய் அவருக்கு வயிற்றுப்போக்கு.

நம் வழக்கப்படி ஒரு பையை விடியற்காலையிலேயே பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அப்போதே புறப்பட்டதாகக் கணக்கு. ஆனால் விமானம் புறப்பட்டதாக ஆகாதே! அதனால் விமானியிடம் தன்மையாகச் சொல்லிப் பாருங்கள். ஏழு இருபத்தைந்துக்கு சக்கரத்தை நாலு முழம் உருட்டி நிறுத்திக்கொள்ளட்டும், பிறகு எப்போது பறந்தாலும் பாதகமில்லை. இதை உங்கள் அத்தையிடம் சொன்னால், "அவரு என்னா மாட்டுவண்டியா ஓட்டறாரு? பேசாம இருங்க, புள்ள நல்லா வந்து சேருவா"னு சிரிக்கிறாள். அவளுக்குக் கவலை கம்மி, எனக்கு ஜாஸ்தி. வாசலுக்கும் காலண்டருக்கும் நடந்தே கால் வலிக்கிறது.

வேதாவுக்கு என் ஆசீர்வாதம். படி இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கோதண்டராமன்

பி.கு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். உறையை ஒட்டும்போது உங்கள் தந்தி வந்தது. பேத்தி! தாயும் சேயும் நலம் என்ற வரியை நாலு தரம் வாசிக்கச் சொல்லி அத்தை அழுதாள், நானும்தான். போன வியாழக்கிழமை நீங்கள் எடுத்திருந்த டிக்கெட்டை, தெற்கே சூலம் என்று ரத்து செய்ய வைத்தவன் நான். இல்லையென்றால் குழந்தை இங்கே பிறந்திருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள். மெட்ராஸில் இருக்கும் மைத்துனன் சுப்பிரமணிக்கு டிரங்க் கால் போட்டு டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன். புதன்கிழமை பகல் பன்னிரண்டு பத்து விமானத்தில் இருவரும் வருகிறோம். பன்னிரண்டு முதல் ஒன்றரை ராகு காலம், வடக்கே சூலம் வேறு, தெரியும். ஒரு மணி நேரத்தில் ஐதராபாத் என்றேன். "ஒரு மணி நேரமா? அவ்ளோ நேரம் எப்பிடிங்க உக்காந்துனு இருக்கறது?" என்கிறாள் உங்கள் அத்தை. எனக்கும் அதுதான் கவலை.