மருந்துப் பெட்டிச் சாவிக்காக ஓர் உண்ணாவிரதம்

தாணுமாலையன் தன் ஆயுளில் ஏழு உண்ணாவிரதம் இருந்தவர். ஏழும் திருவனந்தபுரத்து ஹோட்டல் முதலாளிகளுக்கு எதிராக. ஏழிலும் முதலாளிதான் முதலில் அசைந்தான். எட்டாவதை அவர் வலியசாலையில் தன் சொந்த வீட்டு முன்னறையில், சொந்த மனைவி பகவதியம்மாளுக்கு எதிராக, இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கினார். கோரிக்கை ஒன்றே ஒன்று. நாயின் மருந்துப் பெட்டிச் சாவி தன் கைக்குத் திரும்ப வர வேண்டும்.

நாயின் பெயர் ஜாதா. நீளக் காதும் குட்டைக் காலும் உள்ள பெண் நாய். யாரோ பெரிய வீட்டுக்காரன் ஆசைக்கு வாங்கித் தெருவில் விட்ட குட்டி. செக்ரட்டேரியட்டுக்குப் போன ஓர் ஊர்வலத்தின் வாலைப் பிடித்து நடந்து, தலைவர்கள் எல்லாம் காரில் ஏறிப் போன பிறகும் தாணுமாலையனோடு வீடு வரைக்கும் வந்தது. முப்பது வருஷ இயக்கத்தில் கடைசி வரை தன்னோடு நடந்த ஒரே தொண்டர் அதுதான் என்பார். மலையாளத்தில் ஊர்வலத்துக்கு என்ன பெயரோ அதையே நாய்க்கும் வைத்தார்.

ஒன்றரை வயதில் ஜாதாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. கூடவே காய்ச்சல். தட்டு தரையில் இருக்கும், தலை தாழாது. பசியோடு சோற்றைப் பார்த்துக்கொண்டே நிற்கும். தொட்டால் அலறும். மிருக டாக்டர் ஷிஜா முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் சவ்வு வீங்கியிருக்கிறது என்றார். கிருமி காரணமில்லை. உடம்பைக் காக்க வேண்டிய படையே உடம்பை எதிரி என்று நினைத்து அடிக்கிறது.

"எங்க யூனியன்ல எண்பத்தாறுல நடந்தது இதுதான்," என்றார் தாணுமாலையன். டாக்டர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

மருந்து, ஸ்டீராய்டு மாத்திரை. மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். ரத்தம் சோதித்துச் சோதித்து அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நாய் துள்ளுகிறதே என்று நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும். டாக்டர் இதை மூன்று தரம் சொன்னார். பொறுப்பைத் தாணுமாலையன் ஏற்றார்.

நாலாம் வாரம் ஜாதா ஒரு பூனையைத் துரத்தியது. கோரிக்கை நிறைவேறிய பிறகும் போராட்டத்தை இழுப்பது தொழிலாளிக்குச் செய்யும் துரோகம் என்பது அவர் கொள்கை. ஸ்டீராய்டின் கேடுகளைப் பற்றி ஒரு துண்டுப் பிரசுரமும் படித்திருந்தார். நிறுத்தினார். யாரிடமும் சொல்லவில்லை. பத்தாம் நாள் ஜாதா மறுபடியும் தட்டுக்கு முன்னால் தலை தாழாமல் நின்றது.

பகவதியம்மாள் சண்டை போடவில்லை. பெட்டியைப் பூட்டினாள். சாவியைத் தாலிச் சரட்டில் கோத்தாள். சிகிச்சை முதலிலிருந்து தொடங்கியது, முன்னைவிட மெதுவாக. ஐந்து மாதமாக அவள் ஆட்சி. மாத்திரையை அவித்த ஏத்தம்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தாள். ஜாதா தேறியது. ஆனால் அந்த மாத்திரை பசியைக் கிளப்பும். ஜாதா தன் சோற்றைத் தின்றது. சோப்பைத் தின்றது. அவர் பத்திரப்படுத்தியிருந்த பிரசுரக் கட்டுகளில் பாதியைத் தின்றது. ஒரு வாளித் தண்ணீர் குடித்து, முக்கால் வாளியை வீட்டுக்குள்ளேயே திருப்பித் தந்தது. இதையெல்லாம் தாணுமாலையன் பொறுத்தார். பொறுக்க முடியாதது வேறு. டாக்டர் இப்போது எல்லாவற்றையும் பகவதியிடமே கேட்டார். அவரைப் பார்த்து, "அங்கிள் அவிடெ இருந்தோ," என்று மூலையில் கிடந்த ஸ்டூலைக் காட்டினார்.

ஸ்டூலில் உட்கார்ந்தபோதே எட்டாவது உண்ணாவிரதம் முடிவாகிவிட்டது.

சிவப்பு மையில் எழுதிய அறிக்கையை அடுக்களைக் கதவில் ஒட்டினார். பகவதியம்மாள் தோசைக் கரண்டியோடு நின்று முழுவதும் படித்தாள்.

"நிபந்தனையில்லாத போராட்டம்னு மேல எழுதியிருக்கு. கீழ, மூணு வேளையும் கட்டன்சாயா தரணும்னு போட்டிருக்கே?"

"சாயா உணவு இல்லட்டி. எல்லாப் போராட்டத்துலயும் உள்ளதுதான்."

"சீனி போடணுமா?"

தாணுமாலையன் கொள்கைரீதியாக யோசித்தார். "போடு."

முதலாளி என்றால் மிரட்டுவான், அல்லது கெஞ்சுவான். இரண்டுக்கும் அவரிடம் பதில் இருந்தது. இவள் சாளை மீன் பொரித்தாள். மறுநாள் புட்டும் கடலையும். அவருக்கும் ஒரு தட்டு வைத்தாள்; அவர் முகத்தைத் திருப்பினார்; திருப்பிய முகம் திரும்புவதற்குள் ஜாதா தட்டை நக்கி முடித்திருந்தது. உண்ணாவிரதத்தை முடிக்க நாரங்கா வெள்ளம், அதாவது எலுமிச்சைச் சாறு, கொடுக்க மதிப்பான ஆள் ஒருவர் வேண்டும். யாரைக் கூப்பிடுவது? பழைய தோழர்களில் பேச்சுவார்த்தையில் இருப்பவர் ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டு எலிசாள் மட்டும் எட்டிப் பார்த்து, வயிற்றுப்போக்கா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பகவதியம்மாள் செருப்பை மாட்டினாள்.

"கிழக்கேகோட்டை வரைக்கும் போயிட்டு வாரேன். மேல்தட்டுல ஏத்தம்பழம் அவிச்சு வச்சிருக்கேன். மாத்திரை உள்ள இருக்கு. பதினோரு மணிக்குள்ள வயித்துக்குள்ள போகணும். ஜாதாவுக்கு எட்டாது. நீங்க தொடாண்டாம்."

அவள் தெரு திரும்பியதும் அந்த வாசனை முன்னறைக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தது. ஆறிவிட்டதா என்று பார்க்க மட்டும் போனார். மாத்திரை நடுவில்தானே இருக்கும், ஓரத்தில் ஒரு விரல்கடை எடுத்தால் நாய்க்கு நஷ்டமில்லை என்று தோன்றியது. எடுத்தார். ஒரு பக்கம் மட்டும் குறைந்திருந்தது சமத்துவமாக இல்லை. மறுபக்கமும் எடுத்தார். மிச்சத்தைப் பார்த்தபோது அது பழமாகவே தெரியவில்லை, ஒரு வாய்தான். அந்த ஒரு வாயோடு சின்னதாக, கெட்டியாக ஏதோ ஒன்று தொண்டையில் இறங்கிப் போனது.

கீழே ஜாதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஜாதாவுக்கு அதே மாத்திரை ஒன்று வாங்கக் கைலியோடு ஜங்ஷன் மருந்துக் கடைக்கு ஓடினார். கடைக்காரன் பிரவின்ராஜ் பொறுமையாகக் கேட்டான்: எத்தனை மில்லிகிராம்? தினமுமா, ஒன்று விட்டு ஒரு நாளா? தாணுமாலையனுக்குத் தெரியவில்லை. ஐந்து மாதத்தில் நாலு தரம் அளவு குறைந்திருந்தது. வேளையும் அளவும் எழுதிய அட்டை பிரிட்ஜ் மேலேயே தொங்கியது. எதிர்த்தரப்பின் ஆவணம் என்று அவர் அதைப் படித்ததே இல்லை.

திரும்பி வந்தபோது ஜாதா படுத்திருந்தது. கூப்பிட்டார். கண் மட்டும் அசைந்தது, தலை அசையவில்லை. தூக்கமாக இருக்கலாம். கழுத்தைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினார். அந்த அலறல் ஞாபகம் வந்தது. போலீஸ் லத்திக்கு நடுங்காத கை, பாதியில் நின்றுவிட்டது. மாத்திரை போனதைச் சொல்லாவிட்டால் மானம் மிஞ்சும். சொன்னால் நாய் மிஞ்சும்.

பகவதியம்மாள் உள்ளே வந்ததும் எழுந்து நின்றார்.

"பழத்த நான் தின்னுட்டேன். மாத்திரையும் போச்சு. இப்பவே அதுக்கு வேற ஒண்ணு குடு. சாவி உங்கிட்டயே இருக்கட்டும்."

அவள் பையை இறக்கி வைத்தாள். கதவிலிருந்து அறிக்கையை உரித்து, பின்பக்கம் திருப்பி நீட்டினாள்.

"எழுதித் தாருங்க."

எழுதினார். கையெழுத்தும் தேதியும் போட்டார். அவள் படித்துப் பார்த்து மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"மாத்திரைய எடுட்டி. நேரமாகுது."

"ஜாதா ஏழு மணிக்கே முழுங்கிட்டா. நீங்க உறங்கிட்டு இருந்திய."

"அப்போ அந்தப் பழத்துக்குள்ள?"

"உங்க பிரஷர் மாத்திரை. போராட்டம்னு சொல்லி ரெண்டு நாளா நிறுத்திப்போட்டியல்லா," என்றாள் பகவதியம்மாள். "ஜாதாவுக்காவது பழத்த நறுக்கிக் குடுக்கணும். உங்களுக்கு அதுவும் வேண்டாம்."