ஆட்டிறைச்சிக் கடையில் ஒப்பித்த கணக்கு இலக்கம்

புதுப் பெயின்றின் மணம் மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குப் புதுவீடு ஞாபகம் வரும். எனக்கு ஆட்டிறைச்சி வாங்க நிற்கும் சனிக்கிழமை வரிசை ஞாபகம் வரும். கூடவே காது இரண்டும் சுடும்.

அப்போது நான் கோப்பன்ஹேகனில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் தட்டுக் கழுவினேன். மாலையிலும் வார இறுதியிலும் வீடுகளுக்குப் பெயின்ற் அடித்தேன். முறைப்படி பதிந்த தொழில். முதலாளி நான், தொழிலாளி நான், வேலைநிறுத்தம் செய்வதென்றாலும் நான்தான். வெள்ளைச் சுவரைப் பார்த்தால் அதில் பனி விழுவதும், பனியில் ஒரு காகம் வந்து உட்காருவதும், எதையோ மறந்தது போல் அது எழும்பிப் போவதும் எனக்குத் தெரியும். (பெயின்ற் விடுபட்ட இடம் மட்டும் தெரியாது.)

ஹ்விடோவ்ரே என்ற புறநகரில் பிரெபன், கிர்ஸ்டன் என்ற வயதான தம்பதியின் சமையலறைக்கு அடித்து முடித்தேன். அவர்களுக்குப் பிடித்திருந்தது. பிரெபன் அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர். எல்லாக் கட்டிடங்களின் படிக்கட்டுச் சுவர்களுக்கும் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"உன்னைத்தான் சொல்லப்போகிறேன்," என்றார். (இந்த மொழியில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். என் நாக்கு இன்னும் கூசுகிறது.)

அந்த வேலை கிடைத்தால் தட்டுக் கழுவுவதை விட்டுவிடலாம். நின்ற நிலையிலேயே மனதுக்குள் விலகல் கடிதம் எழுதி, அதில் இரண்டு உவமைகளைக்கூட வைத்துவிட்டேன்.

அப்போதுதான் கிர்ஸ்டன் கைபேசியை எடுத்தார். "உன் கணக்கு இலக்கத்தைச் சொல். இப்போதே பணத்தைப் போட்டுவிடுகிறேன்."

எனக்கு வியர்த்தது. காரணம் என் மச்சான் சிவம், மனைவியின் தம்பி. கொஞ்சக் காலம் முன்பு அவனுடைய வங்கிக் கணக்கை யாரோ துடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வீடு வீடாகப் போய்ப் பிரசங்கம்.

"அத்தான், ஒருத்தருக்கும் எக்கவுண்ட் நம்பரைச் சொல்லாதேங்கோ. நம்பர் வெளியில போச்சுதெண்டால் காசு தானா எழும்பி நடந்து போயிடும்."

"அப்ப சம்பளம் போடுறவங்களுக்கு?"

"அது வேறை. இது கஸ்ரமர். ஆர் எவரெண்டு தெரியுமே உங்களுக்கு?"

நாங்கள் விசித்திரமான சனங்கள். பெற்ற பிள்ளையின் பிறந்த நாள், நேரம், நட்சத்திரம், செவ்வாய் எந்த வீட்டில் குந்தியிருக்கிறது என்பது வரை சாதகத்தில் எழுதி, முகம் தெரியாதவர்களுக்குக் கனடா வரை அனுப்புவோம். கணக்கு இலக்கம் மட்டும் குருவிடம் காதில் வாங்கிய மந்திரம்.

"ரொக்கமாகத் தரலாமா?" என்றேன்.

பிரெபன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பெயின்ற்காரன் ரொக்கம் கேட்டால் இந்த நாட்டில் சனங்கள் நினைப்பது ஒன்றைத்தான்: வரிக்குக் காட்டாத கறுப்பு வேலை. அதுவும் பிரெபன் ஓய்வு பெற்றது வரி அலுவலகத்திலிருந்து. (முதல் நாளே சொன்னார். நான் சுவரில் காகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

"இல்லை, கறுப்பு இல்லை," என்று பதறினேன். "பக்கத்தில் ஒரு தமிழ்க் கடை இருக்கிறது. கடைக்காரரிடம் கொடுங்கள். அவர் எனக்குத் தருவார்."

எங்களுக்கு இது சாதாரணம். ஊருக்குக் காசு அனுப்ப உண்டியல்காரரை நம்பியவர்கள் நாங்கள். இங்கே ஒருவர் கையில் கொடுத்தால் அங்கே இன்னொருவர் கதவைத் தட்டுவார். இடையில் என்ன நடந்ததென்று கேட்பது மரியாதையில்லை. ஆனால் காலமெல்லாம் பிறர் வரியைத் துருவிய மனிதரின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

"முதலில் ரொக்கம். இப்போது ஒரு கடை," என்றார் பிரெபன் மெதுவாக. "அங்கே என்ன விற்கிறார்கள்?"

முருங்கைக்காய்க்கு டேனிஷ் சொல் தெரியாமல், "நீளமான பச்சைச் சாமான்," என்றேன்.

பிரெபன் கடை விலாசத்தை எழுதிக்கொண்டார். கடைக்காரர் குகன் அண்ணைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அதுக்கென்ன தம்பி, வரட்டும். நான் வாங்கி வைக்கிறன்," என்றார்.

சனிக்கிழமை நான் கறிவேப்பிலைக் கட்டோடு இறைச்சி வரிசையில் நிற்கிறேன். கதவு திறந்தது. பிரெபனும் கிர்ஸ்டனும். பிரெபனுக்குச் சாம்பல் நிற நீள மேலங்கி, கக்கத்தில் ஒரு கோப்பு. சோதனைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று குகன் அண்ணை முடிவுகட்டினார். அனுமதியில்லாமல் வீட்டில் செய்து விற்பனைக்கு வைத்திருந்த ரோல்ஸ் தட்டு ஒரே இழுவையில் மேசைக்குக் கீழே போனது.

"பெயின்ற்காரருக்குரிய பணத்தை நீ வாங்குகிறாயாம். உண்மையா?" என்றார் பிரெபன்.

"பெயின்ற்காரர் யாரையும் எனக்குத் தெரியாது," என்றார் குகன் அண்ணை டேனிஷில், என் கண்ணைப் பார்த்தபடியே. பிறகு குரலைத் தாழ்த்தித் தமிழில், "தம்பி, அரிசி மூட்டைக்குப் பின்னாலை போ."

போனேன். குடும்பஸ்தன், தொழிலதிபர், உவமைகளின் சொந்தக்காரன், பொன்னி அரிசிக்குப் பின்னால் குந்தினேன். கால்கள் மட்டும் வெளியே நின்றன போலிருக்கிறது.

"இந்தச் சப்பாத்தில் தெறித்திருப்பது என் சமையலறை," என்றது கிர்ஸ்டனின் குரல்.

எழும்பினேன். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். "இலக்கத்தைத் தந்தால் நீங்கள் என் பணத்தை எடுத்துவிடுவீர்களோ என்று பயந்தேன்."

"நானா?" என்றார் பிரெபன். அவரை யாரும் அதுவரை கள்ளனாக நினைத்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"எங்கள் சங்கத்தின் கணக்கு இலக்கம் வாசலில் தொங்குகிறது," என்றார் கிர்ஸ்டன். "அதை வைத்துப் பணம் போடுவார்கள். வேறென்ன செய்வார்கள்? சொல்."

கிர்ஸ்டனுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆட்டுத்தொடை வெட்டும் சத்தத்துக்கு மேலாக, நான் கட்டிக்காத்த மந்திரத்தை ஒவ்வொன்றாகக் கத்தினேன். கடைசி இலக்கம் ஏழு என்றேன்.

வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண் சொன்னார்: "அண்ணை, கடைசி ஏழு இல்லை. ஒன்பது."

"ஓம், ஒன்பதுதான்," என்றார் அவருக்குப் பின்னால் நின்றவர்.

அதற்கு முந்தின கோடையில் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு நான்தான் பொருளாளர். பங்குக்காசு போடச் சொல்லி, நாட்டின் மறுகோடியிலிருக்கும் கிரின்ஸ்டெட் வரை எல்லோருடைய கைபேசிக்கும் அந்த இலக்கத்தை நானே அனுப்பியிருந்தேன். அடியோடு மறந்துபோனேன்.

"நம்பர் இவ்வளவு வடிவா ஞாபகம் கிடக்கு. உங்கட காசு இன்னும் வரேல்லையே," என்றேன் அந்தப் பெண்ணிடம்.

"போடுவம் அண்ணை. அவசரமே?"

டென்மார்க் தமிழர் கைகளில் ஒரு வருடம் கிடந்த இலக்கம். ஒருவரும் காசு எடுக்கவில்லை. பாதிப்பேர் போடவுமில்லை.

வீட்டில் மனைவி வதனி சிரித்து முடிய வெகுநேரமானது. பிறகுதான் சிவத்தின் கதையை அவிழ்த்தாள். "நம்பர் குடுத்தோ அவன்ர காசு போனது? பாங்கிலயிருந்து கதைக்கிறம் எண்ட ஆரோ ஒருத்தனுக்கு, தன்ர போனில வந்த ரகசியக் 'கோட்'டை வாசிச்சுக் காட்டினவன். பூட்டின்ர திறப்பைக் கள்ளனிட்டைக் குடுத்துப்போட்டு, வீட்டு விலாசத்தை ஒளிக்கச் சொல்லித் திரியிறான். நீங்களும் ஒளிச்சிருக்கிறியள்."

இன்றும் சொல்லாமல் யாராவது வந்து மணி அடித்தால், மகள் என்னைப் பார்த்து டேனிஷில் கேட்பாள், அப்பா, அரிசி மூட்டை எங்கே என்று. விருந்தாளிகள் வந்தால் சிவமே அந்தக் கதையை எடுத்துவிடுகிறான், தன் பங்கை விட்டுவிட்டு. நானும் சேர்ந்து சிரிப்பேன், கதை கடைவாசலுக்கு வரும்வரை.

அன்று கடைவாசலில் கிர்ஸ்டன் இரண்டு முருங்கைக்காயைச் சைக்கிள் கூடையில் குத்தி நிறுத்திக்கொண்டிருந்தார். நான் பிரெபனுக்குப் பக்கத்தில் போய், "படிக்கட்டு வேலை?" என்று கேட்டேன்.

அவர் கையுறையைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நேற்றுக் கூட்டத்தில் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம். உன்னைவிட அவன் விலை கூட. ஆனால் கணக்கு இலக்கத்தைக் கேட்காமலே தந்தான்."