போதகரய்யா பிறந்தநாளும் என் மாமியார் சீக்கும்

ரெண்டு வாரம் முன்னாடி, ஒரு சனிக்கிழமை. எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. சுருளிப்பட்டியில இருக்குற போதகரய்யாவைக் கார்ல ஏத்தி, பதினோரு மணிக்குள்ள கம்பத்துல எங்க சர்ச்சுல இறக்கி விடணும்.

ஐயா எங்க சபையில முப்பது வருசம் போதகரா இருந்து ரிட்டயர்டு ஆனவுக. அன்னைக்குத் தொண்ணூறாவது பிறந்தநாள். சால்வை, கேக்கு, மட்டன் பிரியாணின்னு சபையே காத்துக்கெடக்கு. ஆனா ஐயாகிட்ட மூச்சு விடக்கூடாது. "மனுசனுக்கு எதுக்கு மாலை? விழான்னா நான் வரமாட்டேன்"னு எண்பதாவது பிறந்தநாளுக்கே கதவைச் சாத்திக்கிட்டவுக.

அவுக மறுக்காம கெளம்புற ஒரே இடம், சீக்காளி வீடு. நான்தான் முந்திரிக்கொட்டையாச்சே. "எங்கிட்ட விடுங்க"ன்னுட்டேன்.

போய் நின்னதும், "ஐயா, எங்க அத்தை படுத்த படுக்கையா இருக்காக. ஒரு ஜெபம் பண்ணணும்"னேன்.

அத்தைன்னா என் மாமியார். அந்நேரம் அவுக சர்ச்சு வாசல்ல பட்டுச் சேலை கட்டி, வெங்காயம் உரிக்கிற பொம்பளைகளை வெரட்டிக்கிட்டு இருந்தாக.

ஐயா சட்டையைக்கூட மாத்தல. பைபிளை எடுத்துக்கிட்டு ஏறிட்டாக. எனக்கு ஒரே குஷி.

ரெண்டு தெரு தாண்டல. "தம்பி, நிப்பாட்டு."

திராட்சைத் தோட்டத்து பாய் நின்னுக்கிட்டு இருந்தாரு. "பாய், இந்தத் தம்பியோட மாமியாருக்கு ரொம்ப முடியல. நீங்களும் துவா கேளுங்க"ன்னாக ஐயா. பாய் பதறிப்போயி, "வெறுங்கையோட போகாதீக"ன்னு ஒரு கூடை பன்னீர் திராட்சையைப் பின் சீட்டுல வச்சாரு.

அடுத்து டீக்கடை. அங்கன ரெண்டு இளநி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். கடைக்காரர் என் கையைப் பிடிச்சு, "மனசைத் தேத்திக்கங்க"ன்னாரு. நானும் மூஞ்சியைச் சோகமா வச்சுக்கிட்டேன். வேற வழி?

கம்பம் வந்துருச்சு. "உன் வீடு இந்தப் பக்கமில்ல இருக்கு?"ன்னாக ஐயா.

"அத்தையைச் சர்ச்சுக்குத் தூக்கிட்டு வந்துட்டாகய்யா"ன்னு உளறிட்டேன்.

ஐயா முகம் வெளுத்துப்போச்சு. "சர்ச்சுக்கா? முடிஞ்சிருச்சா தம்பி?"

கேட்டுக்கிட்டே, சாவு வீட்டுல வாசிக்கிற சங்கீதத்தைத் தேடுறாக.

"இல்லய்யா, மூச்சு இருக்கு."

"எம்புட்டு?"

"லேசா."

ஐயா கண்ணை மூடி, வழி பூரா அழுது ஜெபம் பண்ணுனாக. இந்த வயசுல ஒரு மனுசனை அழ வச்சுட்டமேன்னு எனக்கே எம்மேல வெறுப்பா இருந்துச்சு. உண்மையைச் சொல்லிருவோம்னு வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள காரு கேட்டுக்குள்ள போயிருச்சு.

பன்னீர்ச் சொம்போட முன்னாடி நின்னது அத்தையேதான். "இம்புட்டு நேரமா மாப்பிள்ளை? பிரியாணி ஆறிப்போச்சு"ன்னு ஊருக்கே கேக்குற சத்தம்.

ஐயா அவுகளை மேலயும் கீழயும் பாத்தாக. கேக்கைப் பாக்கல, பேனரைப் பாக்கல. நேரா போயி மைக்கைப் பிடிச்சாக.

"தொண்ணூறு வயசாச்சு. என் ஜெபத்தை ஆண்டவர் இன்னும் கேக்குறாரான்னு கொஞ்ச நாளாவே எனக்குள்ள ஒரு சந்தேகம். இன்னைக்குப் பதில் சொல்லிட்டாரு. உயிர் போயிக்கிட்டு இருந்த தாயி, இந்தா பட்டுச் சேலை கட்டி நிக்கிறாக."

சொல்லிக்கிட்டே கண்ணைத் தொடைக்கிறாக. காலையில இருந்து அத்தைகிட்டத் திட்டு வாங்குன பொம்பளைக ஒருத்தரை ஒருத்தர் பாத்து முழிக்குறாக. ஆனா ஐயா அழுகுறதைப் பாத்து, அவுகளும் அல்லேலூயா போட்டுட்டாக.

இனி உண்மையை எங்கிட்டுச் சொல்ல? பாவமா அத்தையைப் பாத்தேன். என்னை ஒரு முறை முறைச்சாக. அப்புறம் மெதுவா நாற்காலியில சாஞ்சு உக்காந்து, "ஆமாய்யா, காலையில சுத்தமா முடியல"ன்னாக.

ஐயா சிரிச்ச சிரிப்பை நீங்க பாத்திருக்கணும். அதுக்கப்புறம் எத்தனை சால்வை போட்டாலும் குனிஞ்சு வாங்கிக்கிட்டாக.

எல்லாம் சுபம். ஆனா "சாகக் கெடந்து பொழச்சவ நான்"னு அத்தை அன்னைக்குக் கட்டில்ல ஏறுனவுக இன்னும் எறங்கல. எங்க வீட்டுல சமையலும் பாத்திரமும் இப்ப நான்தான்.